எட்டாவது குட்டிக்குக் காது கேட்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நீ ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்று சொன்னாய். கையெழுத்திட்டால், நீ ஐந்து ஆண்டுகள் வரைந்து இயக்கி முடித்த அனிமேஷன் படத்தின் கடைசி நான்கு நிமிடங்கள் நீக்கப்பட்டு, தயாரிப்பு நிறுவனம் எழுதித் தந்திருக்கும் வேறு நான்கு நிமிடங்கள் சேர்க்கப்படும். கையெழுத்திடாவிட்டால் படம் கிடப்பில் போடப்படலாம். வியாழக்கிழமை தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "அவங்க சொல்றதும் ஒரு வகையில சரிதானப்பா" என்றாய். நான் "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் அல்ல. கோபம் வந்தால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்திடாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்ல வேண்டுமானால், இருபத்தோரு ஆண்டுகளாக உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

இதை உனக்கு அனுப்பும் அதே நாளில் மற்றவர்களும் படிக்கும்படி வெளியிடுகிறேன். அதற்கான காரணம் பின்னால் வரும். அவர்களுக்காக உன் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வேறொரு சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம். ஓயாத புழுதிக் காற்று வீசுவதால் மனிதர்கள் நிலத்துக்குள் வீடு கட்டி வாழ்கிறார்கள். காவலுக்கு எட்டு இயந்திர நாய்க்குட்டிகளைச் செய்கிறார்கள். அவை தூய வெண்மையில் மின்ன வேண்டும் என்பதற்காக ஒரு பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு எட்டாவது குட்டியின் அலைவாங்கியை அடைத்துவிடுகிறது. ஆணைக் கூடத்திலிருந்து வரும் எந்தக் கட்டளையும் அதற்கு எட்டுவதில்லை. பிரித்துப் போட வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்க்கிறார்கள். ஒரு சிறுமி அதை ஒளித்து வைக்கிறாள். தரையில் காலால் தட்டினால் அது புரிந்துகொள்கிறது என்பதைக் கண்டுபிடிக்கிறாள். ஒரு நாள் ஆணைக் கூடம் புயலுக்குப் பயந்து, கதவுகளை அடை, எவருக்கும் திறக்காதே என்று கட்டளை இடுகிறது. ஏழு குட்டிகளும் பணிகின்றன. ஒரு கதவுக்கு வெளியே ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். எட்டாவது குட்டிக்குக் கட்டளை கேட்கவில்லை. அவர்கள் தரையை மிதிப்பது கேட்கிறது. அது கதவைத் திறக்கிறது.

நீ முடித்த முடிவில் பொறியாளர்கள் அதைப் பழுது பார்க்க வருகிறார்கள். சிறுமி, "எதுக்கு?" என்று கேட்கிறாள். அதன் பிறகு வசனம் இல்லை, இசை இல்லை. ஊரே காலால் பேசக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் அந்தக் குட்டி, மலையடிவாரத்தில் ஓர் அணைக்கரையில் படுத்து, மதகில் தண்ணீர் ஓடுவதைத் தன் வயிற்றால் உணர்ந்துகொண்டிருக்கிறது. படம் முடிகிறது. நிறுவனம் எழுதியிருக்கும் முடிவில் ஒரு பொறியாளர் புதிய அலைவாங்கியைப் பொருத்துகிறார். சிறுமி அதன் பெயரைச் சொல்கிறாள். குட்டிக்கு முதல் முறையாகக் காது கேட்கிறது. அது வாலை ஆட்டுகிறது, பாட்டு தொடங்குகிறது. இதுதான் எல்லா வயதினருக்குமான செய்தி என்று அவர்கள் உனக்கு விளக்கியிருக்கிறார்கள். உன் முடிவு குழந்தைகளுக்குப் புரியாதாம், முதியவர்களுக்கு அலுக்குமாம்.

போன மாதம் ராஜபாளையத்தில் பெரியப்பா வீட்டில் உன் படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து நீ போட்டுக் காட்டினாய். ஊரில் நாய் வளர்ப்பவர்கள் மதிக்கும் பெயர் உன் பெரியப்பாவுடையது. முதல் காட்சியிலேயே அவர், "ஏம்மா, நம்ம வீட்டு நாயத் தூக்கி ராக்கெட்டுல ஏத்திட்டியே" என்று சிரித்தார். பக்கத்து வீட்டு மாமா பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், இரு காதும் மந்தம், வலது காதில் கருவி. கடைசிக் காட்சி வந்தபோது, "ஏம்மா, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார். "இனிமே சத்தமே கிடையாது மாமா" என்றாய். அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்பச் சரி. இப்ப எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டுதான்" என்றார். பெரியப்பாவின் பேத்திக்கு ஆறு வயது. படம் முடிந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அத்தை, அவன் தண்ணிய வயித்தால கேக்கானா?"

"ஆமா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். பெரியம்மா, "ஏட்டி, எந்திரி. கவுனெல்லாம் அழுக்கு" என்று அதட்டினாள். "செத்த நேரம் இருங்க ஆச்சி, மோட்டார் ஓடுறது கேக்குது" என்றாள் குழந்தை. கொல்லையில் ஆழ்குழாய் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நம்மில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. உன் நிறுவனத்தார் சொல்லும் குழந்தையும் முதியவரும் அன்று அந்த அறையில் இருந்தார்கள். ஒருத்திக்குப் புரிந்தது, ஒருவருக்கு அலுக்கவில்லை. அந்த அறையில் படத்தைத் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போனவன் நான் ஒருவன்தான். வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். நீ வந்து, "பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாய். "கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது" என்றேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அது மிகச் சிறியது.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய், பெரியப்பாவிடம் புதிய முடிவைச் சொன்னேன். மாமாவும் அங்கே இருந்தார்.

"அதான்ல சரி" என்றார் பெரியப்பா. "காது கேக்காத நாய எவன் பாக்க வருவான்? சரி பண்ணிக் காட்டுனாத்தான் கை தட்டுவான்."

மாமா மறுத்தார். "இந்த மெஷின மாட்டுன அன்னைக்கு எனக்கு ஒரு பாட்டும் கேக்கல அண்ணாச்சி. ஃபேன் சுத்துறதும் என் வீட்டுக்காரி வையுறதும்தான் கேட்டுச்சு. அத எவனாச்சும் படமா எடுப்பானா?"

"சரி பண்ண முடியாட்டா என்ன செய்யன்னு படத்துல சொல்லலையேண்ணே" என்றேன் நான்.

பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன செய்வோம்னு ஒனக்குத் தெரியாதா தம்பி? நீயுந்தான செஞ்ச" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

உனக்கு ஒன்பது வயது. நாம் அப்போது ராஜபாளையத்தில் பெரியப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தோம். பெட்டை நாய் எட்டுக் குட்டிகள் போட்டது. ஐந்தாவது வாரத்தில், குட்டிகள் உறங்கும்போது பின்னால் நின்று சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடிப்பது பெரியப்பாவின் வழக்கம். ஏழு குட்டிகள் துள்ளி எழுந்தன. நீலக் கண் கொண்ட எட்டாவது குட்டி உறங்கிக்கொண்டே இருந்தது. நீ அதற்கு மொச்சை என்று பெயர் வைத்திருந்தாய். இரண்டு நாள் கழித்து, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நீ ஓடி வந்து, "அப்பா, மொச்சைக்குக் காது காலுல இருக்கு. நான் தரையில குதிச்சா எந்திரிக்கான்" என்றாய். அதிர்வை உணர்வது வேறு, கேட்பது வேறு என்று நான் உன்னைத் திருத்தினேன். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற நான் காணாததை நீ கண்டு வந்து சொன்னாய். நான் உன் சொல்லைத் திருத்திவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பினேன். பிள்ளை வளர்ப்பில் நான் செய்த தவறுகளை எண்ணிப் பார்க்கும்போது பலரைப் போல அடித்ததும் திட்டியதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. இந்தத் திருத்தம்தான் வருகிறது.

அந்தக் குட்டிக்கு ஏன் காது கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். கருவில் நிறமிச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவ வேண்டும். அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாக இருக்கும். உட்காதுக்கும் அவை தேவை. அங்கே போய்ச் சேராவிட்டால் கேட்கும் செல்கள் செத்துவிடும். ஒரு புள்ளிகூட இல்லாத வெண்மை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்தவர்கள் நாம். அந்த வெண்மையும் அந்தச் செவிடும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். ஒன்றை விருது மேடையில் ஏற்றுகிறோம், மற்றொன்றை ஒழித்துக்கட்டுகிறோம். இதை நடத்தி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், அப்போ தப்பு குட்டி மேலயா, நம்ம மேலயா?" என்று கேட்டாள். "அது சிலபஸ்ல இல்லம்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

குட்டிக்குக் காது கேட்காது என்று தெரிந்த அந்த வாரம் பெரியப்பா என்னிடம், "நீ படிச்சவன். ஒனக்கு மனசு வராது. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைத் தூண்டியது. படித்தவன் என்றால் கோழையா என்று தோன்றியது. நானே செய்கிறேன் என்றேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். குட்டியை வயர் கூடையில் வைத்து, ஸ்கூட்டரின் முன்பக்கம் மாட்டிக்கொண்டு, மம்சாபுரம் போகும் வழியில் உள்ள ஒரு கண்மாய்க்குப் போனேன். மழைக்காலம், கண்மாய் நிறைந்திருந்தது. வழியெல்லாம் குட்டி உறங்கியது. வண்டியின் அதிர்வு அதற்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எஞ்சினை நிறுத்தியதும் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதற்குமேல் எழுத மாட்டேன். நீ நினைப்பது சரிதான்.

மாலையில் நீ வந்து கேட்டபோது, வத்திராயிருப்புக்கு அந்தப் பக்கம் பிளவக்கல் அணைக்குக் கீழே ஒரு தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். நீ அழுகையை நிறுத்தவில்லை. அழுகையை நிறுத்துவதற்காக நான் மேலும் சொன்னேன்: "அங்கே அவன் அணைக்கரையில் படுத்துக்கொள்வான். மதகில் தண்ணீர் ஓடுவது வயிற்றில் தெரியும். அவனுக்கு அது பாட்டு மாதிரி." நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். ஒவ்வொரு பொங்கல் விடுமுறைக்கும் அங்கே போக வேண்டும் என்று கேட்டாய். ஒரு வருடம் பாதை சரியில்லை என்றேன், ஒரு வருடம் தோட்டக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன், ஒரு வருடம் மொச்சை பெரிய நாயாகி உன்னை மறந்திருக்கும் என்றேன். உன் அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தத் தோட்டக்காரர இன்னும் எம்புட்டு நாளைக்கு உசுரோட வச்சிருக்கப் போறீக?" என்று கேட்டாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். அவள் மீது கோபப்படாதே, உன்னிடம் சொல்லவிடாமல் தடுத்தவன் நான். பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். மறந்துவிட்டாய் என்று நம்பினேன். போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, என் பொய் திரையில் வண்ணத்தோடு, மலையோடு, மதகோடு வந்தது. நான் வாயால் சொன்னதை நீ ஒரு சொல் விடாமல் வரைந்திருந்தாய்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்பதற்கு இப்போது காரணம் சொல்லலாம். அந்தக் காரியத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் நான் நாய்க் கண்காட்சிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் என் பட்டத்தைச் சொல்லித்தான் அழைப்பார்கள். தூய வெண்மையைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குட்டிகளுக்குப் பின்னால் தட்டில் அடித்துப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். இதற்குப் பிறகு பெரியப்பா என்னோடு பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும்.

இனி உன் காரியம். உன் நிறுவனத்தின் புதிய முடிவை நீ அனுப்பிய தாள்களில் மூன்று முறை படித்தேன். அதில் குட்டிக்கு அலைவாங்கி பொருத்துகிறார்கள். பூச்சை மட்டும் எவரும் தொடவில்லை. அந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலில் அதன் பெயரை எழுதியவர் பாட்டின்போது கூட்டத்தில் நின்று கை தட்டுகிறார். எவரும் குற்றம் செய்யாத ஒரு படம் அது. காது கேட்க உதவும் கருவிகளை நான் எதிர்க்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். மாமாவின் கருவிக்கு மின்கலம் வாங்கித் தருவதே நான்தான். கேட்க விரும்புகிறவருக்குக் கருவி கிடைக்க வேண்டும். ஆனால் ஓர் உயிரை அழிக்காமல் விடுவதற்கு, முதலில் அது நம்மைப் போல ஆக வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வேறு. உன் முடிவில் அந்தச் சிறுமி கேட்கும் "எதுக்கு?" என்ற ஒரு சொல் அந்த நிபந்தனையை மறுக்கிறது. அவர்கள் வெட்டச் சொல்வது அந்தச் சொல்லைத்தான். பெரியப்பாவுக்குப் புதிய முடிவு பிடித்துப்போனது ஏன் என்று யோசித்துப் பார். அதில் அவர் மாற வேண்டியது எதுவும் இல்லை.

படத்தில் உன்னோடு வேலை செய்த நாற்பது பேரின் உழைப்பு வீணாகும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாற்பது பேரிடம் நீ கேட்டாயா? திங்கட்கிழமைக்குள் ஒவ்வொருவரிடமும் கேள். உன் முடிவுக்காக வேலை செய்தவர்கள், தங்கள் மேல் பரிதாபப்பட்டு வேறொரு முடிவுக்குக் கையெழுத்திடும்படி உன்னைக் கேட்டுக்கொள்வார்களா என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். இரண்டு முடிவுகளையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்று அரங்குக்கு, ஒன்று விழாக்களுக்கு என்று சமரசம் பேசுவார்கள். அதற்கும் இசையாதே, அரங்குக்கு வருகிற குழந்தைதான் உனக்கு முக்கியம். வாதாட வேண்டாம், அழ வேண்டாம், உன் அப்பாவின் கதையைச் சொல்லி இரக்கம் தேட வேண்டாம். மறுப்பை இரண்டு வரியில் எழுத்தில் கொடு, ஒரு நகலை வைத்துக்கொள். நீ ஒப்பந்தம் போட்ட நாளில் அதை எனக்கு அனுப்பி, "ஒருக்க படிச்சுப் பாருங்கப்பா" என்றாய். இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். இயக்குநரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் முடிவை மாற்ற முடியாது என்று அதில் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் முடியும் என்றால் அவர்கள் உன்னைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

நீ மறுத்தால் படம் எப்படியும் வெளிவந்துவிடும் என்று நான் சொல்லப் போவதில்லை. வராமலே போகலாம். ஐந்து ஆண்டுகள் ஒரு பெட்டியில் கிடக்கலாம். வேறு யாரும் உனக்குப் படம் தராமல் போகலாம். கேட்பதற்கு இனிமையாகவும் உண்மை இல்லாமலும் நான் உன்னிடம் சொன்னவை போதும். என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பது தனி. அதற்குத் திங்கட்கிழமை கெடு இல்லை. ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள், முடியாது என்றால் முடியாது என்றே சொல். ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே. என் மீது வரும் கோபத்தில், அப்பா சொன்னதற்கு எதிராகவே செய்கிறேன் என்று அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிடாதே.

பிளவக்கல்லில் அப்படி ஒரு தோட்டம் இல்லை. அந்தக் குட்டி அணைக்கரையில் ஒரு நாளும் படுத்ததில்லை. காது கேட்காமலே, எவரும் திருத்தாமல், தன் ஆயுளோடு அது வாழ்ந்த இடம் இந்த உலகத்தில் உன்னுடைய அந்த நான்கு நிமிடங்கள் மட்டும்தான். அங்கிருந்தும் அதை அப்புறப்படுத்த வேண்டும் என்கிறார்கள். முதல் முறை நடந்தபோது உன்னை எவரும் கேட்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். இந்த முறை உன்னைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்.

உன் அப்பா